அம்பாசடருக்குக் கொட்டகை, டிவிஎஸ் 50க்குக் காயலான் கடை

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பொறுப்பேற்றிருக்கும் இளைய முதலாளிகளுக்கு,

 

உங்களில் சிலரைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவன் நான். உங்கள் தந்தையரை ‘முதலாளி’ என்று கூப்பிட்டே பழகிவிட்டது. உங்களைத் தம்பி, தங்கச்சி என்று கூப்பிடத்தான் வாய் வருகிறது. வயதை முன்னிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடை என்னுடையது. ஒரு பக்கத்து அலமாரியில் அம்பாசடர் சாமான், எதிர்ப்பக்கத்தில் மொபெட் சாமான். கல்லாவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு உங்களிடம் கேட்க ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. நேரில் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அண்மைக் காலமாக உங்கள் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் அம்பாசடர் சாமான் கேட்டு அடிக்கடி வருகிறார்கள். கிங் பின் செட் இருக்கிறதா, பழைய மார்க் டூ கிரில் எங்கே கிடைக்கும், கை கியர் ராடுக்குப் புஷ் உண்டா என்று கேட்கிறார்கள். ‘பெரியவர் ஓட்டிய வண்டி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து கொட்டகை போட்டு நிறுத்தப் போகிறோம்’ என்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. என்னிடம் இல்லாததைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துக்கூடக் கொடுத்திருக்கிறேன். எதிர் அலமாரிக்கு வருகிறவர்களும் பழைய வண்டிக்காரர்கள்தான். அவர்கள் கேட்பது வேறு: ‘அண்ணே, இனி இதுக்குச் செலவு பண்ண முடியாது, காயலான் கடையில என்ன விலைக்கு எடுப்பான்?’

காயலான் கடைக்குப் போகும் அந்த வண்டியில்தான் உங்கள் கம்பெனி ஷூ அப்பர் (மேல்பாகம்) மூட்டை நாற்பது ஆண்டுக்கும் மேலாகப் போய் வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசவேண்டும்.

அம்பாசடரை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அப்படியே எடுத்து, வங்காளத்தில் உத்தர்பாராவில் 1957 வாக்கில் தொடங்கி 2014 மே மாதம் வரை செய்துகொண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக மூக்கையும் விளக்கையும் மாற்றினார்களே தவிர, உடம்பை மாற்றவில்லை. மூன்று பேர் நெருங்காமல் உட்காரும் முன்னிருக்கை, ஸ்டியரிங் தண்டிலேயே கியர், பள்ளத்தில் விழுந்தாலும் அலட்டிக்கொள்ளாத பட்டை ஸ்பிரிங். சுங்கச்சாவடியும் ஆறுவழிச் சாலையும் வருவதற்கு முன், ஊர் நடுவே லாரிகள் உரசிக்கொண்டு போன காலத்தில், விடியும் முன் கிளம்பிச் சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போய் இருட்டிய பின் திரும்பி வர அந்த வண்டிதான் சரிப்பட்டது. வெளிநாட்டு பையர் மீனம்பாக்கத்தில் இறங்கினால் அதே வண்டி. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு தோல் துண்டைச் சோதனைக்கு எடுத்துப்போனாலும் அதே வண்டி. பின்னிருக்கையில் பேசி முடித்த ஆர்டர்கள் இந்த ஊரின் பாதி வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. அதை மறுத்தால் நன்றி கெட்டவன் ஆவேன். (தோல் ஊரின் முதலாளிகள் போய்வந்த அந்த இருக்கைகளில் பெரும்பாலும் போட்டிருந்தது ரெக்சின். நீங்கள் இப்போது அதை உரித்துவிட்டு நம் ஊர்த் தோலையே போடுகிறீர்கள். நல்ல திருத்தம்.)

இனி இன்னொன்று. நம் ஊர் வழியாகப் போகும் அதே சாலையில், கிருஷ்ணகிரியைத் தாண்டினால் ஓசூர். 1980இல் அங்கிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. அதற்கு முன்பும் மொபெட் இருந்தது. திருப்பதியில் செய்த சுவேகாவை நம் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், புனேயிலிருந்து 1972 முதல் லூனா வந்துகொண்டிருந்தது. ஆனால் இரண்டு பேரைச் சுமக்கும் ஐம்பது சிசி மொபெட் என்று ஓசூர் வண்டிதான் முதலில் வந்தது. மிதிகட்டையைச் சுற்றினால் ஸ்டார்ட் ஆகும். கியர் கிடையாது. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றவேண்டும். இன்ஜினைப் பிரித்தால் உள்ளே இருக்கிற சாமான் ஒரு துண்டு விரிப்பில் அடங்கிவிடும். அம்பாசடர் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி என்பார்கள். இது ஐம்பதுக்குக் குறைந்தால் மெக்கானிக்கிடம் சண்டைக்கு வருவார்கள்.

பெட்ரோல் கணக்கோ வேகமோ பார்த்து இந்த இரண்டையும் ஒப்பிட்டால் ஆம்பூருக்கு ஒன்றும் விளங்காது. எதைச் சுமந்தது, யார் காசில் சுமந்தது என்று பார்க்கவேண்டும்.

உங்கள் தாத்தா காலத்துத் தோல் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உப்புப் போட்ட பச்சைத் தோல் கட்டுக்கட்டாக வரும். அந்தப் பாரத்துக்கு மாட்டு வண்டி வேண்டும், பிறகு லாரி வேண்டும். வேலை முழுக்க ஷாப்புக்கு உள்ளேதான் நடக்கும். தொட்டியை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1972இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதைக் குறைத்து, பதனிட்டு முடித்த தோலாகவும் பொருளாகவும் ஏற்றுமதி செய்யச் சொன்னது. அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கிப், ஸ்கின் என்ற பெயரில் பாதி பதனிட்ட தோலை அனுப்பிக்கொண்டிருந்த ஊர் அப்பர் தைக்கத் தொடங்கியது, பின்பு முழு ஷூவே செய்தது. வேலை திடீரென்று எடை குறைந்துவிட்டது. நூறு ஜோடி அப்பர் ஒரு கோணிப்பையில் அடங்கும். மடித்துக் கட்டினால் ஒரு ஆள் தூக்கலாம்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் ஓசூரிலிருந்து இந்த வண்டி வந்து சேர்ந்தது. ஓட்டுகிறவரின் காலுக்கு நடுவே ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, வேண்டுமானால் அதன்மேல் இன்னொன்று. சைக்கிளில் போகமுடியாத தூரத்து ஊருக்கும் இது போகும். லாரி நுழையாத சந்துக்குள்ளும் போகும். மொக்கசின் ஷூவின் மேல்பாகத்தை ஊசியும் மெழுகு நூலும் வைத்துக் கையால் தைக்கிற வேலை கம்பெனிச் சுவரைத் தாண்டி வீட்டுத் திண்ணைக்கு வந்தது இப்படித்தான். சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மடியில் அப்பரை வைத்துத் தைக்கும் பெண்கள் ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் வேலையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வண்டி இல்லாவிட்டால், உங்கள் தந்தையர் அத்தனை பேருக்கும் கட்டடம் கட்டியிருக்கவேண்டும், பஸ் விட்டிருக்கவேண்டும், விளக்குப் போட்டிருக்கவேண்டும், கேன்டீன் நடத்தியிருக்கவேண்டும்.

வேலையை வீட்டுக்கு அனுப்பியதைத் தவறு என்று சொல்ல வரவில்லை. கம்பெனிக்கு வரமுடியாத பெண்ணுக்கு வீட்டில் நாலு காசு கிடைத்தது. ஆனால் கட்டடத்தில் மிச்சமான பணத்தை ஒரு மொபெட் சம்பாதித்துக் கொடுத்தது என்பதையாவது கணக்கில் எழுதியிருக்கலாம்.

அந்த வண்டியை யார் வாங்கினார்? கம்பெனியில் வேலை எடுத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஏஜெண்ட் வாங்கினார். தவணையில், இல்லையென்றால் மனைவியின் கம்மலை வைத்து. பெட்ரோல் யார் போட்டார்? அவர்தான். டயர், செயின் செட், பிஸ்டன் ரிங், பிளக், ஒயர், வருஷத்துக்கு ஒருமுறை சைலன்ஸரில் அடைத்த கரியைச் சுட்டு எடுக்கிற கூலி, எல்லாம் அவர்தான். இதை ஊகித்துச் சொல்லவில்லை; என் கடைக் கடன் நோட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது. கம்பெனியிலிருந்து அவருக்கு வருவது ஜோடிக் கணக்கு. அந்த ஜோடிக் கணக்கில் தைக்கிற பெண்ணின் கூலி, அவருடைய கமிஷன், வண்டிச் செலவு மூன்றும் ஒன்றாக அடைபட்டிருக்கின்றன. பெட்ரோல் 2021இல் நூறு ரூபாயைத் தொட்டது, அதற்குப் பின் அந்த உயரத்தை ஒட்டியேதான் நிற்கிறது. ஜோடி ரேட் அதோடு சேர்ந்து ஏறியதா என்று உங்கள் கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள். ஏறவில்லையென்றால் ஏறிய பெட்ரோல் காசு மீதி இரண்டிலிருந்துதான் போயிருக்கும். ஏஜெண்டின் கமிஷனிலிருந்து கொஞ்சம் போயிருக்கலாம். ஊசி பிடித்த கையிலிருந்துதான் கூடுதலாகப் போயிருக்கும், அங்கேதான் எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை.

இதில் என் மனதை உறுத்துவது ரிஜெக்ஷன். தையல் இடைவெளி கூடிவிட்டது, நூல் தளர்ந்துவிட்டது என்று செக்கிங்கில் பத்து ஜோடி திரும்புகிறது. திருத்தித் தைக்க அந்தப் பத்து ஜோடியோடு வண்டி மறுபடி கிராமத்துக்குப் போகவேண்டும், மறுபடி வரவேண்டும். அந்த நடைக்கு ரேட் கிடையாது. சில சமயம் தப்பு தையலில் இல்லை, கட்டிங்கிலேயே ஓட்டை தள்ளிப் போயிருக்கும். அப்போதும் நடை ஏஜெண்ட் செலவில்தான். உள்ளே நடந்த தப்புக்கு வெளியே இருக்கிற வண்டி பெட்ரோல் எரிக்கிறது.

சட்டம் இந்த இரண்டு பழைய வண்டிகளையும் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனி எண் வரிசை, நடுவில் ‘விஏ’ என்று எழுத்து. பதிவுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது, தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது. உங்கள் கொட்டகையில் நிற்கும் மார்க் டூ இதற்குத் தாராளமாகத் தகுதி பெறும். முதன்முதலில் வந்த டிவிஎஸ் 50க்குக்கூட ஐம்பது வயது நிறைய 2030 ஆகவேண்டும். நிறைந்தாலும் பயனில்லை, அதன் பிழைப்பே அன்றாட ஓட்டம்தான். வேலையை நிறுத்திக்கொண்ட வண்டிக்குத்தான் அந்த மரியாதை.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிக்கு வேறு வழி. பதினைந்து ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்கவேண்டும், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. இருசக்கர வண்டிக்கு முந்நூறாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ஆயிரம் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி இருபது ஆண்டு தாண்டிய வண்டிக்கு இரண்டாயிரம். காருக்கு அதுவே பத்தாயிரம். பார்ப்பதற்கு ஏழைக்குக் குறைவாகவும் பணக்காரருக்கு அதிகமாகவும் வாங்குவதுபோல் தெரியும். என் எதிர் அலமாரிப் பக்கம் வந்து நின்று பாருங்கள். உங்கள் அம்பாசடருக்குப் போடும் பெயிண்ட் செலவில் பத்தாயிரம் எந்த மூலைக்கு? இருபது வயது டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டைக் காயலான் கடையில் போட்டால் வரும் பணத்தில் அந்த இரண்டாயிரம் ஒரு பெரும் பங்கு. அதோடு பசுமை வரி, இன்ஷூரன்ஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு நாள் வேலையை விட்டுப் போகிற நஷ்டம். அதனால்தான் பலர் புதுப்பிப்பதே இல்லை. பேப்பர் இல்லாத வண்டியில் உங்கள் ஏற்றுமதிச் சரக்கு போகிறது, தம்பி. வழியில் போலீஸ் நிறுத்தினால் அபராதம் ஏஜெண்டுக்கு. லாரி இடித்தால் அவர் குடும்பம் எந்தக் கதவைத் தட்டும்? உங்கள் மஸ்டர் ரோலில் அவர் பெயர் இல்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சில பதில்களில் நியாயமும் இருக்கிறது.

அந்த வண்டிகள் புகை கக்குகின்றன என்பீர்கள். கக்கத்தான் செய்கின்றன. ஆயில் கலந்த பெட்ரோல் எரிந்த புகை என் கடை வாசலிலேயே நாள் முழுக்க நிற்கிறது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2015இலேயே ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்துவிட்டது, இப்போது மின்சார வண்டியும் வருகிறது. மாற்றவேண்டியதுதான். யார் காசில் மாற்றுவது என்பதுதான் கேள்வி. உங்கள் கன்டெய்னர் லாரி பழசானால் டிரான்ஸ்போர்ட் கம்பெனி வாடகையை ஏற்றி வாங்கிக்கொள்கிறது, நீங்களும் கொடுக்கிறீர்கள்.

ஏஜெண்ட் தனித் தொழில் செய்கிறவர், அவர் வண்டி அவர் பாடு என்பீர்கள். அப்படியென்றால் லாரிக்காரரும் தனித் தொழில்தான் செய்கிறார். ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு கன்டெய்னர் போகும்போது லாரி வாடகை, டோல், லோடிங் கூலி என்று தனித்தனிக் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுகிறீர்கள். ஷூ விலையிலேயே எல்லாம் அடக்கம் என்று லாரிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், கேட் முன்னால் வண்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதே ஷூவின் அப்பர், அந்த கன்டெய்னருக்கு வந்து சேரும் முன், மின்னூர்ப் பக்கமோ பேரணாம்பட்டுச் சாலையிலோ ஒரு மொபெட்டில் போய்த் திரும்பியிருக்கும். அந்தப் போக்குவரத்துக்கு உங்கள் புத்தகத்தில் கட்டமே கிடையாது. இரண்டும் சரக்குப் போக்குவரத்துதானே?

ஆர்டர் குறைந்துவிட்டது என்பீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டபோது ஊர் எப்படிக் கலங்கியது என்று நானும் பார்த்தேன். உங்கள் தூக்கம் போனதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த மாதங்களில் முதலில் நின்றது எது தெரியுமா? என் கடைக்கு எதிரே வரிசையாக நிற்கும் எக்ஸ்எல் வண்டிகள். கம்பெனிக்குள் ஷிப்டைக் குறைத்தீர்கள். வெளியே கொடுத்த ஜாப் ஒர்க்கை ஒரேயடியாக நிறுத்தினீர்கள். ஆர்டர் குறைந்தால் முதல் அடியும் ஆர்டர் கூடினால் கடைசிப் பங்கும் அவருக்கு என்றால், ‘சூழ்நிலை சரியாகட்டும்’ என்ற வார்த்தைக்கு அவர் எத்தனை வருஷம் காத்திருப்பார்?

இன்னொரு பதிலும் உண்டு. அதைக் கேட்டுத்தான் நான் அதிகம் யோசித்தேன். ‘வண்டிக்கென்று பணம் கொடுத்தால் ஏஜெண்ட் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார், பெண்களுக்கு ஒன்றும் போகாது.’ இது உண்மை. ஏஜெண்டுகளில் நல்லவரும் உண்டு, ஜோடிக்கு ஜோடி நறுக்குகிறவரும் உண்டு. இரண்டு வகையும் எனக்கு வாடிக்கையாளர்கள்தான், இதைப் படித்துவிட்டுச் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். வண்டிச் செலவும் தையல் கூலியும் ஒரே தொகையாக இருப்பதால்தான் நறுக்க முடிகிறது. ‘பெட்ரோல் ஏறிவிட்டதம்மா’ என்று ஒரு சொல்லில் பெண்ணின் கூலியைக் குறைத்துவிட முடிகிறது. இரண்டையும் பிரித்து எழுதிவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது.

உங்களைப் போலவே உங்கள் தந்தையரும் ஒரு காலத்தில் ஒரு செலவுக்கு மறுப்புச் சொன்னார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்யச் சொன்னால் தோல் தொழிலே படுத்துவிடும், அந்தச் செலவுக்கு எங்கள் கணக்கில் இடமில்லை என்றார்கள். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலாறும் அதன் கரையில் பயிர் வைத்தவரும் அதுவரை சுமந்துகொண்டிருந்த செலவு, அதன்பின் தோல் ஷாப் கணக்குக்குள் நுழைந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பங்கு கட்டினார்கள். பாலாறு அதனால் பழையபடி ஆகிவிடவில்லை, அது வேறு வருத்தம். ஆனால் கணக்கில் இடமில்லாத செலவுக்கு இடம் கிடைத்தது, நீங்கள் இன்றும் தொழில் நடத்துகிறீர்கள். மொபெட் செலவு அதன் கால் தூசு.

நீதிமன்றம் வரும்வரை இதற்கும் காத்திருக்கவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் பையர்கள் சும்மா இருக்கப் போவதில்லை. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் பங்குக்கு ஒன்றை நிறைவேற்றியது. ஆடிட்டுக்கு வருகிறவர் தையல் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே யார் தைக்கிறார், அவருக்கு எப்படிக் கூலி போகிறது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். அப்போது காட்ட உங்களிடம் ஒரு காகிதம் இருந்தால் உங்களுக்கே நல்லது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இலேயே வந்துவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை என்பதைச் சாக்காகச் சொல்லலாம்தான், அதைச் சொல்லி ஷூ விற்க முடியாது.

இனி நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜாப் ஒர்க் சலானில் ‘வண்டிக் கூலி’ என்று ஒரு கட்டம் போடுங்கள். தையல் கூலிக்குத் தனிக் கட்டம், கமிஷனுக்குத் தனிக் கட்டம், இதற்குத் தனிக் கட்டம். ஜோடிக்கு இவ்வளவு என்று வேண்டாம். கம்பெனி கேட்டிலிருந்து ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நடை என்று பார்த்துப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்ரோல் விலையை ஒட்டி அதைத் திருத்துங்கள், டிரான்ஸ்போர்ட் கம்பெனியோடு செய்துகொள்கிற மாதிரியே. கட்டிங் தப்பால் திரும்புகிற மூட்டைக்கு இரண்டாம் நடையும் கம்பெனிச் செலவில் எழுதப்படவேண்டும். ஏஜெண்டை நம்பாமல் தாங்களே எக்ஸ்எல்லிலோ ஸ்கூட்டியிலோ வந்து மூட்டை எடுத்துப் போகும் பெண்கள் இப்போது இருக்கிறார்கள். அந்தக் கட்டத்துப் பணம் அவர்கள் கையில் போகட்டும். சலானின் நகல் ஒன்று தைக்கிறவர் வீட்டுக்குத் தமிழில் போகவேண்டும், தன் கூலி எவ்வளவு என்று அவர் தானே படித்துக்கொள்ள.

அதற்கு அடுத்தபடி, உங்கள் சரக்கைத் தொடர்ந்து சுமக்கிற வண்டிகளின் எண்களை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். அவற்றின் ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தையும் இன்ஷூரன்ஸையும் கம்பெனி ஏற்கட்டும், அல்லது பாதியாவது ஏற்கட்டும். ஓட்டிப் பிரயோஜனமில்லாத நிலைக்கு வந்த டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பதில் புதுசு வாங்க வட்டியில்லாமல் முன்பணம் கொடுத்து, வண்டிக் கூலியில் கழித்துக்கொள்ளலாம். காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசின் நல வாரியம் ஒன்று இருக்கிறது. தைக்கிற பெண்களையும் ஓட்டுகிறவர்களையும் அதில் பதிய வைக்க உங்கள் பர்சனல் ஆபீஸிலிருந்து ஒருவரை ஒரு வாரம் அனுப்பினால் போதும்.

மூன்றாவது சின்ன விஷயம், விருப்பமிருந்தால் செய்யுங்கள். கொட்டகையில் அம்பாசடரைத் துணி போர்த்தி நிறுத்தியிருக்கிறீர்கள் அல்லவா, பக்கத்தில் மொபெட் நிற்க இரண்டடி இடம் விடுங்கள். மிதிகட்டை உடையாத பழைய டிவிஎஸ் 50 ஒன்று என்னிடம் இருக்கிறது. காசு வேண்டாம், ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். முதல் இரண்டையும் செய்யாமல் இதை மட்டும் செய்வதாக இருந்தால் ஆள் அனுப்பவேண்டாம்.

தீபாவளிக்கு முன் போனஸ் பேச உட்காருவீர்கள். ஜாப் ஒர்க் ரேட்டும் அந்தச் சமயத்தில்தான் பேச்சுக்கு வரும். அந்தக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். ஒரு கம்பெனி தனியாகச் செய்தால் ரேட்டில் தோற்றுவிடுவோம் என்ற பயம் இருந்தால், நாலைந்து பேர் சேர்ந்து பேசி ஒரே சலானாகக் கொண்டுவாருங்கள். பிரியாணிக்கு ஒன்றாக உட்காருகிறவர்கள்தானே நீங்கள். ஏஜெண்டுகளில் விவரமான சிலரையும் தைக்கிற பெண்களில் சிலரையும் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக் கிலோமீட்டர் கணக்கைக் கேளுங்கள். எந்த ஊருக்கு எவ்வளவு பெட்ரோல், எந்தச் சாலையில் டயர் எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியவேண்டுமானால் என்னையும் கூப்பிடுங்கள், கடையை மூடிவிட்டு வருகிறேன்.

உங்கள் சலான் புத்தகங்களை அச்சடிக்கிற பிரஸ்ஸில் விசாரித்துவிட்டேன். ஒரு கட்டம் கூட்டிப் போட்டால் கூடுதல் காசு வாங்கமாட்டார்களாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் பழைய வண்டிச் சாமான் விற்பவன்,
ஆம்பூர்.